வானா வரிசையில் வந்த வார்த்தை

மார்ச் 4, திங்கள்

மூலம் முடிந்தது. காலையிலிருந்து அதனோடுதான் மல்லுக்கட்டு. எனக்கு இல்லை, அகராதிக்கு.

மருத்துவமனையில் காதில் விழும் சொற்களுக்கெல்லாம் சாதாரண ஜனங்களுக்காக ஓர் அகராதி போடுகிறோம். டாக்டர் வேகமாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால் புரிய வேண்டும். பொருள் எழுதித் தருவது டாக்டரம்மா. தமிழ் பார்ப்பது புலவர். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ‘பயன்பாடு’ என்று ஒரு வாக்கியம் வரும், அது என் வேலை. படித்தவுடன் ‘அட, நம்ம வீட்டுல நடக்கிறதாச்சே’ என்று தோன்ற வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கமா. மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு கமாவைப் போட்டுவிடுவார்.

உத்தரவை நான் தலைமேல் வைத்துக்கொண்டேன். நம் வீட்டில் நடப்பதையேதான் எழுதுகிறேன். குறட்டைக்கு என் வீட்டுக்காரர். மலச்சிக்கலுக்கு அத்தை: ‘அத்தை குளியலறையை விட்டு வெளியே வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் விடிவதில்லை.’ இன்று மூலத்துக்கு எழுதியது: ‘மூலம் இருந்ததால் மேலாளர் கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே பேசினார்.’

கமா அதை வாங்கிப் படித்தார். நின்றுகொண்டே. “நல்லா வந்திருக்கு, இயல்பா இருக்கு” என்றார். ‘மேலாளர்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு கமாவைப் போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

நான் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 7, வியாழன்

எதிர்வீட்டு அக்கா வாசலில் மடக்கினாள். “என்ன, விசேஷம் ஏதும் உண்டா?”

“உண்டு அக்கா. தண்ணி மோட்டார் போயிடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அத்தையும் சிரிக்கவில்லை. அத்தை என்றால் என் மாமியார். கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பவர், அவ்வளவுதான். சாயங்காலம் அவர் அறிவித்தார்: குழந்தைப்பேறு டாக்டரிடம் பெயர் கொடுத்தாயிற்று, அடுத்த மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரும் போக வேண்டும்.

என் வீட்டுக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

பரீட்சையே எழுதாதவர்களுக்கு ரிசல்ட் பார்க்கப் போகிறார்களாம்.

இந்தச் சிரிப்பு மட்டும் இரண்டு நொடிக்கு மேல் நிற்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

யூரிக் ஆசிட். ‘அது கூடினால் பெரியப்பாவின் கால் கட்டைவிரல் முதலில் சொல்லும்.’ கமா அந்த வாக்கியத்தையே அடித்துவிட்டார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். கட்டைவிரல் வீங்கியிருந்தது.

மார்ச் 18, திங்கள்

வானா வரிசைக்கு வந்துவிட்டோம்.

வறட்டு இருமலை முடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். டாக்டரம்மாவின் கையெழுத்து. வஜைனிஸ்மஸ் என்று இருந்தது. ஏதோ வைட்டமின் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கீழே பொருள்:

‘பெண்ணுறுப்பின் வாயிலைச் சுற்றியுள்ள தசைகள், ஏதோ உள்ளே வரப்போகிறது என்றதுமே, அவள் விரும்பினாலும்கூடத் தாமாக இறுகிக்கொள்வது. உறவின்போது கடுமையாக வலிக்கும், அல்லது உறவே முடியாமல் போகும். மருத்துவப் பரிசோதனையின்போதும் இப்படி ஆகலாம். இது பிடிவாதம் அல்ல, வெறுப்பும் அல்ல. அவள் கட்டுப்பாட்டில் இல்லாதது. பெரும்பாலும் குணமாகக்கூடியது.’

படித்தேன். மறுபடி படித்தேன். எழுந்து கழிப்பறைக்குப் போனேன், வந்தேன், படித்தேன். மறுபடி எழுந்தேன்.

“வயிறு சரியில்லையா?” என்றார் கமா.

“ஆமா சார். வயிற்றுப்போக்கு. காலையிலதானே முடிச்சோம், அதான்.”

வீட்டுக்கு வந்து மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த இடத்துல எனக்குக் கதவே வைக்காமக் கட்டிட்டாங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். மூணாவது வருஷம். அவர் கிட்ட வருவார், நானும் ஆசையாத்தான் இருப்பேன், அப்புறம் திடீர்னு சுவர். எனக்கு உயிர் போற வலி, அவருக்கு முகம் செத்துப்போகும். “பரவால்ல, பரவால்ல”ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுப்பார். எத்தனை பரவால்ல! இப்போ கிட்ட வர்றதே இல்ல. நல்ல சிநேகிதங்க மாதிரி ஒரே ரூம்ல குடியிருக்கோம்.

போன வருஷம் யாருக்கும் தெரியாம ஒரு டாக்டர்கிட்ட போனேனே, அந்தம்மா தலையைக்கூட நிமிர்த்தல. “பயத்தை விடு. புருஷன்தானே? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.” எதை அட்ஜஸ்ட் பண்றது? டிவியா அது, பின்னாடி திருகு இருக்கா?

‘நீங்க வேற யாரையாவது கட்டிக்கோங்க’ன்னு சொல்றதுக்கு நான் கண்ணாடி முன்னாடி ஒத்திகை வேற பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் பாதியில மூக்கு ஒழுகி வசனம் கெட்டுப்போகும்.

குணமாகக்கூடியது. டாக்டரம்மா அப்படித்தானே எழுதியிருக்காங்க? நான் சரியாத்தானே படிச்சேன்?

மார்ச் 19, செவ்வாய்

பேர் இருக்கு. பேர் இருந்தா இன்னும் நாலு பேருக்கு இருக்குன்னு அர்த்தம். ஒருத்திக்கு மட்டும் வர்றதுக்கு யார் உட்கார்ந்து பேர் வைப்பாங்க?

மார்ச் 20, புதன்

சொல்லாய்வுக் கூட்டம். கமா, புலவர், நான். மேசை நடுவில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு கல்.

கமா தாளைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார். “இந்த... இது இருக்கே, இதை என்ன பண்றது?”

“எது சார், வறட்டு இருமலா?”

“அதுக்கு அடுத்தது.”

“வாதமா?”

“அதுக்கு முன்னாடி!”

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணே ஒண்ணுதானே சார் இருக்கு. அதைப் படிங்களேன்.”

அவர் படிக்கவில்லை. பேனாவால் தொட்டுக் காட்டினார். ஏதோ சுடும் பாத்திரத்தைத் தொடுவதுபோல. குடும்பத்தில் எல்லாரும் புரட்டுகிற புத்தகமாம். இந்த ஒரு சொல்லை விட்டால் யாருக்கும் குறைந்துபோகாதாம்.

புலவர் வேறு ரகம். அவருக்கு எழுபது வயதாகிறது. சொல் என்று வந்துவிட்டால் கூச்சம் நாச்சம் கிடையாது. “வந்த சொல்லைத் திருப்பி அனுப்பக் கூடாது” என்றார். தமிழில் என்ன வைப்பது என்பதுதான் அவருடைய கவலை. “அனிச்சை இறுக்கம். இருமல், தும்மல் எல்லாம் அனிச்சைச் செயல்னு பள்ளிக்கூடத்துல படிக்கிறோமில்ல, அதுமாதிரி.”

நல்ல சொல்தான். ஆனால் உடனே எனக்கு ஓர் உறுத்தல். “ஐயா, அனிச்சைன்னா இச்சை இல்லாததுன்னு படிச்சிருவாங்க. அவளுக்கு இச்சையே இல்லை, புருஷன்மேல விருப்பமே இல்லைன்னு ஆயிடும்.”

“இங்கே இச்சைன்னா அந்த இச்சை இல்லம்மா—”

“படிக்கிறவங்களுக்கு எந்த இச்சைன்னு எப்படித் தெரியும்? விருப்பமெல்லாம் நிறையவே இருக்கு!”

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மேசைமேல் இருந்த கல்கூட என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

“அதாவது... அப்படிப்பட்டவங்களுக்கு” என்றேன்.

புலவர் ஒன்றுமே நடக்காததுபோலத் தாளில் எதையோ எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் நகர்த்தினார். தானிறுக்கம். “தானா இறுகுது. அவ இறுக்கல. சரியாம்மா?”

சரி ஐயா. ரொம்பச் சரி. தலையை ஆட்டினேன்.

கமா விடவில்லை. “வாக்கியம் எழுதிட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம். கண்ணியமா, இருக்கணும்.” பேச்சில்கூடக் கமா.

மார்ச் 22, வெள்ளி

வாக்கியம் வரவில்லை. வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் வாக்கியத்தில் பிடித்துப் போட்டாயிற்று. இப்போது என் முறை. பேனா நகரமாட்டேன் என்கிறது.

மார்ச் 23, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அரைநாள் வேலை. என் வீட்டுக்காரரின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சும்மாதான் போனேன் — இல்லை, சொல்லத்தான் போனேன். போகும்போதே தைரியம் கரைந்துகொண்டிருந்தது.

கடையில் ஒரு ஆள். மலைபோல உடம்பு, முறுக்கிய மீசை, காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்தில் மேற்பார்வையாளராம். மூக்குக்கண்ணாடி போட்டால் அதிகாரம் குறைகிறதென்று கண்ணுக்குள்ளே வைக்கும் லென்ஸ் கேட்டு வந்திருக்கிறார். விரல்நுனியில் லென்ஸை வைத்துக் கண் பக்கம் கொண்டுபோவார். இமை சட்டென்று மூடிக்கொள்ளும். மறுபடி கொண்டுபோவார், மறுபடி மூடிக்கொள்ளும். மீசை வேர்த்துவிட்டது. “சே! மானத்தை வாங்குது சார் இது! நான் திறந்துதான் வைக்கிறேன்!”

என் வீட்டுக்காரர் முக்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். “உங்கமேல தப்பே இல்ல சார். கண்ணு நம்ம பேச்சைக் கேக்காது. எதுவோ வருதுன்னு பயந்து தன் வேலையைப் பாக்குது. அதைத் திட்டினா இன்னும் இறுக்கி மூடும். இன்னிக்கு லென்ஸே வேணாம். வெறும் விரலை மட்டும் கன்னத்துல வெச்சுப் பழகுங்க. நாளைக்கு இமை ஓரம். பதினஞ்சு நாள் ஆனாலும் ஆகட்டும், என்ன அவசரம்?”

நான் பிரேம் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷனிடமா சொல்லப் பயந்தேன்?

மீசைக்காரர் போனதும், “எனக்குக் கண் பரிசோதனை பண்ணுங்க” என்றேன்.

“என்ன மேடம் திடீர்னு?” என்று சிரித்துக்கொண்டே இருட்டறைக்குக் கூட்டிப்போனார். நாற்காலியில் உட்காரவைத்தார், எதிர்ச்சுவரில் எழுத்துகளை ஒளிரவிட்டார். இருட்டில் முகம் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

“கடைசி வரியைப் படி.”

“நமக்கு நடக்கிறதுக்கு ஒரு பேர் இருக்கு” என்றேன்.

சொன்னேன். எல்லாவற்றையும். டாக்டரம்மா எழுதிய பொருளை மனப்பாடமாக ஒப்பித்தேன். பிடிவாதம் அல்ல, வெறுப்பும் அல்ல. எழுத்துப் பலகை மட்டும் அசட்டுத்தனமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“வஜை... என்னது? மறுபடி சொல்லு.”

சொன்னேன்.

“வஜைனிஸ்மஸ்” என்றார் மெதுவாக. பிறகு, “உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்.”

“நானா? உங்களையா?”

“உங்க வீட்டுல கட்டாயப்படுத்திக் கட்டிவெச்சுட்டாங்களோன்னு. கேக்கவும் பயமா இருந்துச்சு. ஆமாம்னு சொல்லிட்டா?”

மூன்று வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு தப்பான கதையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். முட்டாள்கள்! அவர் குரல் உடைந்துபோயிருந்தது. நானும் அழுதேன். வெளியே யாரோ “கடையில யாருங்க?” என்று கூப்பிட்டார்கள், அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனார். வந்தவர், “என்ன சார், உங்களுக்கே கண்ணு செவந்திருக்கே, நல்ல டாக்டரா பாருங்க” என்றது உள்ளே எனக்குக் கேட்டது.

அழுதுகொண்டே சிரிப்பது எவ்வளவு கஷ்டம்.

மார்ச் 26, செவ்வாய்

வாக்கியத்துக்குச் சந்தேகம் கேட்கும் சாக்கில் டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

“டாக்டர், என் தோழி ஒருத்திக்கு இந்தத் தானிறுக்கம் இருக்கு.”

“அப்படியா? தோழிக்குக் கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?”

“மூணாவது வருஷம் நடக்குது.”

“புருஷன் எப்படி? முரட்டு ஆளா?”

“ஐயோ, இல்ல டாக்டர்! தங்கம். கண்ணாடிக் கடை வெச்சிருக்கார்.”

டாக்டரம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அது எந்தக் கடை, உங்க கடையேதானா?”

“அதே கடைதான் டாக்டர்” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “வியாழக்கிழமை தோழியைக் கூட்டிட்டு வாங்க. அந்தத் தங்கத்தையும்.”

மார்ச் 28, வியாழன்

போனோம். “இன்னிக்குப் பரிசோதனையே கிடையாது. சும்மா பேசப்போறோம்” என்றதும் எனக்கு அழுகை. வழியெல்லாம் அந்தப் பரிசோதனைக் கட்டிலுக்குப் பயந்துகொண்டே வந்திருந்தேன்.

தசைகளைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சி. அதற்கென்றே இருக்கும் பயிற்சியாளர் அம்மா ஒருவர், வாரம் ஒருமுறை. அப்புறம் வழவழப்பான சின்னக் குழல்கள் — ஐந்து, சுண்டுவிரல் பருமனிலிருந்து மேலே மேலே. நானே, என் நிதானத்தில், என் கையால் வைத்துப் பழக வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கு விடுமுறை. யாரும் கேட்கக் கூடாது.

“அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் முயற்சி பண்ணவே கூடாது. தடை” என்றார் டாக்டரம்மா.

இவர் பள்ளிக்கூடப் பையன்போலக் கையைத் தூக்கினார். “தடைன்னா எல்லாத்துக்குமா டாக்டர்?”

“கையைப் பிடிக்க யாரும் தடை போடல.”

பேருந்து நிறுத்தம்வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். விடவே இல்லை. தடை என்றவுடன்தான் மனுஷனுக்கு ரோஷம் வருகிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

பார்சல் வந்திருக்கிறது. நான் வேலையில் இருந்தேன். அத்தை பிரித்துவிட்டார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் கண்ணாடி அலமாரியில் — இவர் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்கும் மாமாவின் படத்துக்கும் நடுவில் — ஐந்து வெளிர்நீலக் குழல்கள், உயரவாரியாக, அணிவகுப்பு மாதிரி நிற்கின்றன. கீழே ஒரு பின்னல் விரிப்பு வேறு.

“அலங்காரப் பொருள் வாங்கினியா? சொல்லவே இல்ல. ரொம்ப லட்சணமா இருக்கு” என்றார் அத்தை. “பூ எங்க குத்தணும்னுதான் தெரியல. ஓட்டையக் காணோம்.”

நான் வருவதற்குள் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்து, “எந்தக் கடையில? எனக்கும் ஒரு செட் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இவர் வந்தார், பார்த்தார், நின்ற இடத்திலேயே கல்லாகிவிட்டார். பிறகு, கடைக்கு வந்த சாமான் வீட்டு விலாசத்துக்கு வந்துவிட்டது என்று எதையோ உளறி, ஐந்தையும் வாரி உள்ளே கொண்டுவந்தார். கதவைச் சாத்தியதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு! அவர் சிரித்து, நான் சிரித்து, அந்தக் கட்டிலில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

அலமாரி வெறிச்சென்று இருப்பதாக அத்தைக்குத்தான் வருத்தம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முதலாவது, பாஸ். இரண்டாவது, அழுதுகொண்டே பாஸ். மூன்றாவது என்னைப் பார்த்து முறைக்கிறது. இன்றைக்கு விடுமுறை. யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

மறுபடி கூட்டம். ‘தானிறுக்கம்’ வாக்கியத்தோடு போனேன். இந்தத் தடவை டாக்டரம்மாவும் வந்திருந்தார். கமா வாங்கி வாய்க்குள்ளேயே படித்தார்:

‘இது பல பெண்களுக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கணவர் பொறுமையோடும் அன்போடும் துணைநின்றால், உரிய சிகிச்சையால், இல்லறம் இனிதாகும்.’

அவர் முகம் சுருங்கியது. “இவ்வளவு வெளிப்படையா வேணாமே. இல்லறம் கில்லறம்னெல்லாம்... நம்ம புத்தகத்துக்கு இந்த நடை ஒத்துவராது.”

“ஒத்துவரும் சார். நம்ம புத்தகத்துல இருக்கிற நடைதான்.”

“எங்க இருக்கு?”

ஆவன்னா வரிசைக் கோப்பைத் திறந்து வைத்தேன். ‘ஆண்மைக்குறைவு.’ அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாக்கியத்தை நான் எழுதவில்லை. “இதுல கவனம் வேணும், நானே எழுதறேன்” என்று கமா எழுதினார். சத்தமாகப் படித்தேன்: “‘இது பல ஆண்களுக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மனைவி பொறுமையோடும் அன்போடும் துணைநின்றால், உரிய சிகிச்சையால், இல்லறம் இனிதாகும்.’ ரெண்டே இடத்துலதான் சார் கை வெச்சேன். ஆண்களைப் பெண்களாக்கினேன். மனைவியைக் கணவராக்கினேன். உங்க கமாவைக்கூடத் தொடல.”

புலவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமலா அது? கண்ணில் தண்ணீர் வழிய மேசையைத் தட்டினார். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

கமா கொஞ்ச நேரம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார். “அதை எழுதறப்போ, மூணு நாள் யோசிச்சு எழுதினேன்” என்றார் மெல்ல. “படிக்கிறவன் மனசு உடையக்கூடாதுன்னு.” பிறகு நிமிராமலே, “பொம்பளைங்களும் படிப்பாங்கன்னு தோணல. இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் யோசித்திருக்கிறார். ஏன் யோசித்தார், யாருக்காக யோசித்தார் என்று நான் கேட்கவில்லை.

போகும்போது சொன்னார், “மூலத்துக்கு எழுதின வாக்கியத்துல மட்டும் மேலாளரை எடுத்துடுங்க. ஆசிரியர்னு போடுங்க.”

கவனித்திருக்கிறார்!

ஏப்ரல் 24, புதன்

குழந்தைப்பேறு டாக்டரிடம் போக வேண்டிய நாள். அத்தை புதுச்சேலை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, அங்க வேணாம். நாங்க வேற டாக்டரைப் பாக்கறோம்” என்றார் இவர்.

“எதுக்கு? யாருக்குக் குறை?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், “எங்க ரெண்டு பேருக்கும். தீர்ந்துட்டு வருது. தீர்ந்தப்புறம் புள்ளையா இல்லையாங்கறதை நாங்க சொல்றோம், நீ கேக்காதே” என்றார். அதட்டவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல். அந்தக் குரலுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல்முறை.

அவர் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். சாயங்காலம் காப்பி போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார், “ஆறிடப்போகுது” என்று.

மே 20, திங்கள்

நான்காவது, பாஸ். பயிற்சியாளர் அம்மா கைதட்டினார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பரீட்சையில் கைதட்டல்.

ஜூன் 18, செவ்வாய்

அகராதி அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை தன்னைப் பற்றிய மலச்சிக்கலைப் படித்துவிட்டு, “யாரோ பாவம்” என்றார். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

சாப்பிட்டபின் எட்டிப்பார்த்தால் அத்தை புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். விரல் ஒரே இடத்தில் நின்றது. ரொம்ப நேரமாக நின்றது.

“இதை நீதான் எழுதினியா?”

“பொருள் டாக்டரம்மா எழுதினது. ஆனா... ஆமா அத்தை. எனக்குத்தான்.”

புரிந்தது அவருக்கு. அலமாரியைக்கூட ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவர் கேட்டது வேறு.

“எங்க அக்காவைக் கல்யாணம் பண்ணி ஒரு வருஷத்துக்குள்ள திருப்பி அனுப்பிட்டாங்க. குடும்பம் நடத்தத் தெரியாதவன்னு. எங்கம்மாவே அவளை அடிச்சாங்க. நான் அப்போ சின்னவ, கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ‘எனக்கு என்னான்னே தெரியலம்மா, நான் வேணும்னு பண்ணல’ன்னு அழுதா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்பவே இதுக்குப் பேரு இருந்துச்சா?”

“இருந்துச்சு அத்தை.”

“ஒருத்தரும் சொல்லலியே” என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்ல ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. அத்தையின் கை என் முழங்கால்மேல் இருந்தது, எடுக்கவில்லை.

ஜூன் 19, புதன்

“இன்னொரு புத்தகம் கிடைக்குமா?” என்று கேட்டார் அத்தை. “என் அக்காவுக்கு.”

ஆகஸ்ட் 22, வியாழன்

அத்தை அக்கா வீட்டில்தான் இருக்கிறார். ஒரு வாரம் என்று போனவர், இன்னும் பேசித் தீரவில்லை என்கிறார். வீட்டில் நானும் இவரும் மட்டும். ஐந்தாவதும் பாஸ், நேற்று டாக்டரம்மா தடையை நீக்கிவிட்டார்.

எனக்கு இன்று உடம்பு சரியில்லை என்று கமாவிடம் சொல்லியாயிற்று. இவர் கடையைத் திறக்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்க் கதவில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு ஓடி வந்துவிட்டார். அவசரத்தில் என்ன எழுதினார் என்று மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

“பலத்த மழை காரணமாகக் கடை விடுமுறைன்னு போட்டிருக்காரே! எங்கம்மா மழை? தார்ரோடு உருகுது!”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவள் என் கலைந்த தலையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து இவர் ஏதோ பாட்டை ராகம் தப்பிப் பாடுவது கேட்டது.

“கடைப்பக்கம் மட்டும் பெய்யுதாம் அக்கா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.